ஆளுங்குழுவின் தன்னலமும் பேரரசின் தளர்ச்சியும்: புதுச்சேரிப் பிரெஞ்சு ஆட்சியை முன்வைத்து (1716–1766)

ஆய்வுச்சுருக்கம்

பேரரசுகளின் வீழ்ச்சிக்கு ஆள்வோரின் ஊழல் ஒரு காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆயினும் ஊழல் எவ்வழியே வீழ்ச்சியாக மாறுகிறது என்பது போதிய அளவு விளக்கப்படுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியைத் தலைநகராகக் கொண்டு எழுந்து சரிந்த பிரெஞ்சு ஆட்சியை இக்கட்டுரை அதற்குச் சான்றாகக் கொள்கிறது. நயினியப்பர் வழக்கு, துய்ப்ளே காலத்துக் கொடைகளும் குத்தகைகளும், 1750இல் வழுதாவூர்ப் பகுதியில் நிகழ்ந்த படை அதிகாரிகளின் விலகல், லாலியின் தோல்வி ஆகியன ஆராயப்படுகின்றன. கருவூலம் வெறுமையாவதைக் காட்டிலும், ஆள்வோரின் சொல்லும் கணக்கும் நம்பத் தகாதவையாக மாறுவதே பேரரசைத் தளரச் செய்கிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, பிரெஞ்சுக் கும்பினி, துபாசி, ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளே, லாலி, வரிக்குத்தகை, ஊழல்.

முன்னுரை

புதுச்சேரி நகரத்திற்கு வடமேற்கே, ஊசுட்டேரிக்கு அப்பால் அமைந்துள்ள ஊர் சேதராப்பட்டு. இன்று தொழிற்பேட்டையால் அறியப்படும் இவ்வூரைச் சுற்றித் தமிழ்நாட்டு ஊர்கள் அமைந்துள்ளன. புதுச்சேரி ஆட்சிப்பரப்பு ஒரே நிலத்தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டு. அத்துண்டுகள் 18ஆம் நூற்றாண்டில் கொடையாகப் பெற்றும், போரில் இழந்தும், உடன்படிக்கையால் மீண்டும் பெற்றும் அமைந்த ஊர்களின் எச்சம். கிருட்டிணை ஆற்றுக்குத் தெற்கே உள்ள நாடு முழுவதற்கும் அதிகாரம் கோரிய ஓர் ஆட்சி, பத்தாண்டுக் காலத்திற்குள் தன் தலைநகரையே இழந்தது. அதற்குப் பின் மிஞ்சியவையே இச்சிதறிய ஊர்கள்.

இவ்வீழ்ச்சிக்குக் கடற்படை வலிமைக் குறைவு, ஐரோப்பியப் போர்கள், பிரெஞ்சு அரசின் அக்கறையின்மை ஆகிய காரணங்களை வரலாற்றாசிரியர்கள் சுட்டியுள்ளனர். அவை மறுக்கத்தக்கன அல்ல. எனினும் புதுச்சேரியின் உள்ளிருந்து இக்காலத்தைக் காட்டும் சான்று ஒன்று தமிழில் உள்ளது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய தினப்படி சேதிக் குறிப்பே அது. ஆள்வோர் யாரிடம் என்ன பெற்றனர், பதவிகள் எவ்வாறு பேசி முடிக்கப்பட்டன, யார் யாரை நம்பவில்லை என்பனவற்றை நாள்தோறும் பதிவு செய்த இந்நூல், வெளிக்காரணங்களால் மட்டும் விளக்க இயலாத ஒரு தளர்ச்சியைக் காட்டுகிறது. அதனை முறைப்படுத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. கருத்துப் பின்னணி

ஆள்வோரின் தன்னலம் நாட்டைக் கெடுக்கும் என்ற எண்ணம் பழைமையானது. அரசுப் பொருளை அதிகாரிகள் கையாடும் வழிகள் 40 எனக் கௌடில்யரின் அர்த்தசாத்திரம் வகைப்படுத்துகிறது. திருக்குறள் கொடுங்கோன்மைக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. வட ஆப்பிரிக்க அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமா என்னும் நூலில், அரசை உருவாக்கிய கூட்டத்தாரின் ஒற்றுமை உணர்வு இன்பநுகர்ச்சியாலும் மிகுவரியாலும் சில தலைமுறைகளில் தேய்ந்து அழியும் என்றார்.

இவற்றிடையே ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. கௌடில்யர் ஊழலைக் கணக்குச் சிக்கலாகக் காண்கிறார். திருட்டைக் கண்டறிந்து தண்டித்தால் அரசு நிலைக்கும் என்பது அவர் அணுகுமுறை. இப்னு கல்தூன் அதனை உறவுச் சிக்கலாகக் காண்கிறார். ஒருவருக்காக ஒருவர் இடர்ப்பட முன்வரும் பிணைப்பு அறுவதே அவர் கருத்தில் வீழ்ச்சியின் தொடக்கம். புதுச்சேரி வரலாறு இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க இடமளிக்கிறது. இங்குக் கணக்கு கெட்டதனால் உறவு கெட்டது; உறவு கெட்டதனால் படை நின்றது.

‘ஊழல்’ என்னும் சொல்லை 18ஆம் நூற்றாண்டிற்குப் பொருத்துகையில் கவனம் தேவை. அக்காலத்தில் பெரியோரைக் காணச் செல்வோர் நசர் வைப்பது மரபு; அதிகாரி சொந்த வணிகம் செய்வதும் ஏற்கப்பட்ட வழக்கம். ஆகவே, பொதுப்பொறுப்பால் கிடைக்கும் அதிகாரத்தை அப்பொறுப்புக்கே கேடு விளையும் அளவிற்குத் தன்னலத்திற்குப் பயன்படுத்துதல் என்ற வரையறையையே இக்கட்டுரை மேற்கொள்கிறது.

2. பிரெஞ்சுக் கும்பினியின் அமைப்பு

1664இல் கோல்பேர் முயற்சியால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி தோன்றியது. 1674 முதல் புதுச்சேரியை வளர்த்த பிரான்சுவா மர்த்தேன், 1693இல் டச்சுக்காரரிடம் அதனை இழந்து, 1697ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் மீட்டு, 1706இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்தார். அதன்பின் வந்த ஆட்சியமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, ஊதியம். கும்பினி அதிகாரிகளின் சம்பளம் அவர்களுடைய வாழ்க்கைத் தரத்திற்குப் போதுமானதாக இல்லை. ஆசியத் துறைமுகங்களுக்கிடையே நடைபெற்ற வணிகத்தில் அவர்கள் சொந்தமாக முதலீடு செய்து ஈடுகட்டிக்கொண்டனர். சந்திரநாகூரில் இருந்தபோது துய்ப்ளே பெரும்பொருள் ஈட்டியது இவ்வணிகத்தால்தான்.

இரண்டாவது, துபாசி முறை. மொழியும் சந்தையும் அறியாத ஐரோப்பியர், துணி கொள்முதல், கடன், நெசவாளர் முன்பணம், அண்டை அரசர் தொடர்பு ஆகிய அனைத்திற்கும் பெரிய துபாசியைச் சார்ந்திருந்தனர். கும்பினியின் கப்பல்கள் காலந்தாழ்ந்து வரும் ஆண்டுகளில் ஊர் வணிகரின் நம்பிக்கையே கும்பினியின் முதலாக நின்றது.

மூன்றாவது, மேற்பார்வை. கும்பினியின் இயக்குநர்கள் பாரிசில் இருந்தனர். ஒரு கடிதம் சென்று மறுமொழி வர ஓராண்டுக்கு மேலாகும். கும்பினி அரசின் பிடியில் இருந்தது. பங்குதாரர்க்குரிய ஈவு பெரும்பாலும் புகையிலை உரிமை வருவாயிலிருந்து கிடைத்தது. ஆகையால் இந்தியாவில் நடப்பதைத் துருவி ஆராயும் தூண்டுதல் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது.

சிறு சம்பளம், பெரிய அதிகாரம், தொலைவிலுள்ள கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இவ்வமைப்பில், தனியார் செல்வமும் பொதுச் செல்வமும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. வணிகம் மட்டும் நடந்தவரை இக்கலப்பு பெரிய தீங்கு விளைவிக்கவில்லை. நாடாளும் நிலை வந்ததும் அதுவே கேடாயிற்று.

3. நயினியப்பர் வழக்கு: முதல் எச்சரிக்கை

1716இல், ஆட்சித்தலைவராக இருந்த எபேர் என்பவர், கும்பினியின் தலைமைத் தரகராகிய நயினியப்பரைச் சிறைப்படுத்தினார். கொடுமையும் கலகத் தூண்டலும் செய்தார் என்பது குற்றச்சாட்டு. இயேசு சபையாரும் நயினியப்பருக்கு எதிராக நின்றனர். கடைவீதியில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, அபராதம், நாடுகடத்தல் எனத் தீர்ப்பாயிற்று. 1717இல் நயினியப்பர் சிறையிலேயே இறந்தார்.

இதன் விளைவு ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. அவருடைய மைத்துனரும் ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தையுமாகிய திருவேங்கடம் பிள்ளை புதுச்சேரியில் இருக்க அஞ்சிச் சென்னை சென்றார். எபேர் நீங்கிய பின்னர், அடுத்து வந்த ஆட்சியரின் அழைப்பின் பேரிலேயே திரும்பினார். நயினியப்பரோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த பிரான்சின் செயின்ட் மாலோ நகர வணிகர்கள் பாரிசில் அவர் குடும்பத்திற்குத் துணை நின்றனர். அவர் மகன் குருவப்பர் பிரான்சு சென்று முறையிட்டார். தீர்ப்பு நீக்கப்பட்டது; எபேர் திருப்பி அழைக்கப்பட்டார்; குருவப்பர் செவாலியே பட்டம் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியை அடைந்தார்.

இவ்வழக்கிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஆள்வோரின் விருப்பு வெறுப்பு நீதியாக மாறும் ஊரில் முதல் தங்காது என்பது ஒன்று. அக்காலத்தில் பிழையைத் திருத்தும் ஆற்றல் அவ்வமைப்பிற்கு இன்னும் இருந்தது என்பது மற்றொன்று. மேலிடத்தில் முறையீடு கேட்கப்பட்டது, தவறியவர் அகற்றப்பட்டார், வணிகரும் திரும்பி வந்தனர். அரைநூற்றாண்டுக்குப் பின் நிகழ்ந்த லாலி வழக்கோடு ஒப்பிடும்போது இதன் அருமை விளங்கும்.

4. கொடையும் குத்தகையும்: துய்ப்ளே காலம்

ஆளுநர் துய்மா காலத்தில் (1735–1741) நாணயம் அச்சிடும் உரிமையும் காரைக்காலும் கிடைத்தன. 1742இல் துய்ப்ளே ஆளுநரானார். 1746 செப்டம்பரில் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றியதே முதற் பெருவெற்றி. ஆனால் வெற்றியின் மறுநாளே பூசல் தொடங்கியது. 11 இலட்சம் வராகன் மீட்புத்தொகை பெற்றுக்கொண்டு சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பித்தர லா பூர்தொனே உடன்பட்டார். அதற்காக அவர் தனியே கையூட்டுப் பெற்றார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. துய்ப்ளே உடன்படிக்கையை ஏற்க மறுத்தார். லா பூர்தொனே பிரான்சு திரும்பிப் பாஸ்தீல் சிறையில் அடைக்கப்பட்டு, 1751இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஒரே கொடியின்கீழ் நின்ற இருவர், பகைவரின் நகரைவிட அதன் விலையைப் பற்றியே மிகுதியாகப் போராடினர்.

அதே 1746இல் பெரிய துபாசி கனகராய முதலியார் இறந்தார். அப்பதவி யாருக்கு என்பது நெடுங்காலம் முடிவாகாமல் இருந்தது. கத்தோலிக்கர் ஒருவரே வேண்டும் என்று இயேசு சபையார் வற்புறுத்தினர். பதவிக்குப் போட்டியிட்டோர், அதற்காகப் பேசப்பட்ட பணம், துய்ப்ளேயின் மனைவி ழான் அம்மையாரின் தலையீடு ஆகியவற்றை ஆனந்தரங்கப் பிள்ளை விரிவாகக் குறித்துள்ளார். இறுதியில் அப்பதவி அவருக்கே கிடைத்தது. தம் போட்டியாளரைப் பற்றி எழுதுபவர் என்பதால் அவர் கூற்று அனைத்தையும் நடுநிலையானதாகக் கொள்ள இயலாது. எனினும் பதவி விலைபேசப்படுவதை அவர் வியப்பின்றி எழுதிச் செல்வதே, அது வழக்கமாகிவிட்டதைக் காட்டும் சான்று.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சு உதவியால் வென்ற சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்களைக் கும்பினிக்குத் தந்தார். 1750 டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட, முசாபர் ஜங் புதுச்சேரிக்கு வந்து ஐதராபாத் நிசாமாக முடிசூட்டப்பெற்றார். கிருட்டிணைக்குத் தெற்கே உள்ள நாட்டின் மேலாட்சி துய்ப்ளேக்கு அளிக்கப்பட்டது. வழுதாவூர்க் கோட்டையும் அதனைச் சார்ந்த ஊர்களும் அவருக்குத் தனிச் சாகீராயின. அதிகாரிகளுக்கும் பெரும்பொருள் பகிரப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் அமைப்பு மாற்றம் நிகழ்ந்தது. கும்பினி பெற்றது எது, ஆளுநர் பெற்றது எது என்று பிரிக்க முடியாத நிலை தோன்றியது. போருக்கான செலவைத் துய்ப்ளே தம் சொந்தப் பணத்திலிருந்தும் கடனிலிருந்தும் கொடுத்தார்; அதனை நாட்டு வரியிலிருந்து ஈடுசெய்ய எண்ணினார். வரி தண்டும் பொறுப்பு பாப்பையா பிள்ளை முதலிய குத்தகைதாரரிடம் விடப்பட்டது. போர் நடக்கும் நாட்டில் குத்தகைதாரர் குறுகிய காலத்தில் முடிந்தவரை எடுக்கவே முயல்வர். அடுத்த ஆண்டு அந்நிலம் தம்மிடம் இருக்கும் என்ற உறுதி இல்லாதபோது, ஏரியைத் தூர்வாரவோ மதகைச் செப்பனிடவோ செய்யும் செலவு அவர்களுக்கு வீண். இவ்வாறு நிலத்தின் எதிர்காலம் நிகழ்காலத்திற்கு விற்கப்பட்டது.

5. வழுதாவூர், 1750

தன்னலம் படையை எவ்வாறு செயலற்றதாக்கும் என்பதற்குச் சேதராப்பட்டுக்கு அண்மையிலுள்ள நிலப்பரப்பிலேயே தெளிவான சான்று உண்டு. 1749இன் இறுதியில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் தஞ்சாவூரை முற்றுகையிட்டபோது, அரசர் பணம் தர இசைந்தார். படையினர்க்கும் அதில் பங்கு கிடைத்தது. 1750இன் தொடக்கத்தில் நாசிர் ஜங் பெரும்படையுடன் வரவே, பிரெஞ்சுப் படை வழுதாவூர்ப் பகுதியில் அவரை எதிர்கொள்ள நின்றது. தஞ்சாவூரில் பயனடைந்த அதிகாரிகள் சிலர் புதுச்சேரியில் தங்கிவிட, அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் தங்களுக்கும் அத்தகைய பங்கு வேண்டும் என்றனர். அது கிடைக்காமற்போகவே, போருக்கு முன்னாள் 13 அதிகாரிகள் பதவி விலகினர். தலைவர்கள் விலகியதைக் கண்ட வீரர்கள் கலங்கினர். தளபதி தோத்தேய் இரவோடு இரவாகப் புதுச்சேரிக்குப் பின்வாங்கினார். தனித்து விடப்பட்ட முசாபர் ஜங் நாசிர் ஜங்கிடம் சிறைப்பட்டார்.

இங்கே கருவூலம் வெறுமையாக இல்லை, தோல்வியும் நேர்ந்திருக்கவில்லை. வெற்றியின் பொருள் சிலர்க்கு மட்டும் சென்றது என்ற எண்ணமே படையைக் கலைத்தது. துய்ப்ளே விரைந்து செயல்பட்டு நிலைமையை மீட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் செஞ்சிக் கோட்டையும் பிடிபட்டது. ஆனால் வியாதி தீரவில்லை. இதே போக்கு எதிர்ப்பக்கத்திலும் காணப்பட்டது. நாசிர் ஜங்கைக் கொன்ற கடப்பை, கர்நூல் முதலிய இடங்களின் நவாபுகள், தமக்குக் கிடைத்த பங்கு போதாதென்று 1751இல் முசாபர் ஜங்குக்கு எதிராகக் கிளம்பினர். அச்சண்டையில் அவரும் இறந்தார். பங்கீட்டை மட்டுமே பிணைப்பாகக் கொண்ட கூட்டு, பங்கீட்டாலேயே பிரியும் என்பதற்கு ஓராண்டிற்குள் இரு சான்றுகள் கிடைத்தன.

6. நம்பப்படாத கணக்கு

1752 ஜூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1754 ஆகஸ்டில் கொதே புதுச்சேரிக்கு வந்து துய்ப்ளேயைப் பதவியிலிருந்து நீக்கினார். பாப்பையா பிள்ளை சிறைப்படுத்தப்பட்டார். துய்ப்ளே தாம் கும்பினிக்காகப் பல இலட்சம் லீவர் சொந்தப் பணத்தைச் செலவிட்டதாகக் கூறி அதனைத் திருப்பித்தரக் கோரினார். கும்பினி அக்கணக்கை ஏற்கவில்லை. நெடிய வழக்காடலுக்கு இடையே, 1763 நவம்பரில் அவர் வறுமையில் இறந்தார்.

துய்ப்ளேயின் கோரிக்கை முழுதும் பொய் என்று சொல்வதற்கில்லை. முழுதும் மெய் என்று நிறுவவும் வழியில்லை. ஊழல் விளைவிக்கும் கேடுகளுள் இது நுண்ணியது. பொதுப்பணமும் தனிப்பணமும் கலந்துவிட்ட இடத்தில் திருடியவரையும் தந்தவரையும் பிரித்தறிய இயலாது. திருடியவர் தப்புவது ஒரு கேடு. தந்தவர் நம்பப்படாமற்போவது அதனினும் பெரிய கேடு. ஏனெனில் அதனைக் கண்ட பின்னர் எவரும் தம் கைப்பொருளை அரசுக்காகத் தர முன்வரார். நெருக்கடி வந்தபோது புதுச்சேரியில் நிகழ்ந்தது இதுவே.

7. லாலியும் தலைநகரின் வீழ்ச்சியும்

1758 ஏப்ரல் 28 அன்று லாலி புதுச்சேரியில் இறங்கினார். ஆங்கிலேயரை வெளியேற்றுவதோடு, ஆட்சியிலுள்ள முறைகேடுகளைக் களைவதும் அவருக்கு இடப்பட்ட பணி. நேர்மையும் துணிவும் உடையவராயினும் நிதானமும் நாட்டறிவும் இல்லாதவர். வந்த அன்றே உணவும் வழிகாட்டியும் சரிவர ஏற்பாடாகாத நிலையில் கடலூருக்குப் படை அனுப்பினார். சுமை இழுக்க மாடும் ஆளும் கிடைக்காதபோது, ஊராரைச் சாதி வேறுபாடு கருதாமல் வலிந்து பிடித்துச் சுமை ஏற்றினார். இதனால் ஊர் மக்கள் வெருண்டனர்.

ஜூன் 2 அன்று புனித தாவீது கோட்டை வீழ்ந்தது. சென்னையைத் தாக்கப் பணம் தேவைப்பட்டது. ஆளுநர் லெய்ரியும் ஆலோசனைச் சபையும் கருவூலத்தில் பணமில்லை என்றனர். அவர்கள் மறைக்கின்றனர் என்று லாலி கருதினார். கருவூலத்தின் உண்மை நிலை எதுவாயினும், சபையின் சொல்லை நம்ப லாலிக்குக் காரணமில்லை. லாலியின் வாக்கை நம்ப வணிகருக்கும் காரணமில்லை. சென்னைப் படையெடுப்பிற்கு லாலி தம் சொந்தப் பணத்தை முன்வைத்தார். சபையினரிடமும் ஊராரிடமும் திரண்டது அதைவிடக் குறைவு. சென்னையின் கறுப்பர் நகரைப் பிடித்ததும் படை ஒழுங்கிழந்து கொள்ளையில் இறங்கியது. 1759 பிப்ரவரியில் முற்றுகை கைவிடப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் பல மாதச் சம்பளம் பெறாத பிரெஞ்சு வீரர்கள் கலகம் செய்தனர். 1750இல் அதிகாரிகள் பங்குக்காக விலகினர். 1759இல் வீரர்கள் கூலிக்காக எழுந்தனர். மேலிருந்தோரின் வழக்கம் ஒன்பதாண்டில் கீழிறங்கிய முறை இதுவாகும். பொருள் தந்து அவர்களை அமைதிப்படுத்தினாலும், 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் தலைமையிலான படையிடம் பிரெஞ்சுப் படை தோற்றது.

முற்றுகைக் காலத்தில் உணவு குறையவே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்களை லாலி நகருக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலப் படை முதலில் அவர்களுக்கு வழிவிடவில்லை. கோட்டைக்கும் பாசறைக்கும் இடையே பல நாட்கள் அவர்கள் பசியில் அலைந்தனர். ஆள்வோரின் பூசலுக்கு இறுதியில் விலை கொடுத்தோர் யார் என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் நிகழ்ச்சி அவ்வரலாற்றில் இல்லை. 1761 ஜனவரி 12 அன்று ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். நான்கு நாட்களில், ஜனவரி 16 அன்று, நகரம் சரணடைந்தது. பின்னர் கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன.

சரணடைந்த சில நாட்களுக்குள் நிகழ்ந்த ஒரு செய்தி கருதத்தக்கது. படையின் கணக்கு அதிகாரியாக இருந்த துய்புவா, அதிகாரிகளின் முறைகேடுகள் பற்றிய ஆவணங்களைத் திரட்டி வைத்திருந்தார். லாலி நகரை விட்டு வெளியேறிய வேளையில் கோட்டை வாயிலில் கூடிய பிரெஞ்சுக்காரர்களே அவரை ஏளனம் செய்தனர். பின்வந்த துய்புவா ஒருவரோடு நேர்ந்த வாட்சண்டையில் இறந்தார். அவர் தாள்கள் உடனே கைப்பற்றப்பட்டு மறைந்தன. நகரம் அழிந்தபின்னும் கணக்கு வெளிப்படலாகாது என்ற அக்கறை அழியவில்லை.

பிரான்சில் லாலி மீது துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவருக்கு எதிராக நின்றோருள் புதுச்சேரியின் முன்னாள் அதிகாரிகள் பலர். 1766 மே 9 அன்று பாரிசில் அவர் தலை வெட்டப்பட்டது. வொல்தேரும் லாலியின் மகனும் முயன்றதன் விளைவாக 1778இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. நயினியப்பர் காலத்தில் திருத்தம் ஆட்சியைக் காத்தது. லாலி காலத்தில் திருத்தம் வந்தபோது காக்க ஆட்சி எஞ்சவில்லை. கும்பினியின் தனியுரிமையும் 1769இல் முடிவுற்றது.

8. எதிர்வாதமும் ஒப்பீடும்

ஆங்கிலேயரும் ஊழலில் குறைந்தவர் அல்லர். அவ்வாறாயின் அவர்கள் ஏன் வீழவில்லை என்ற வினா இயல்பாக எழும். சென்னையிலும் சிறு சம்பளம், சொந்த வணிகம், கையூட்டு ஆகியன இருந்தன. நவாப் முகமது அலிக்கு அதிக வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக ஊர்களின் வரியை எழுதி வாங்கிய அதிகாரிகள் பலர். தஞ்சாவூர் வருவாயில் பால் பென்ஃபீல்டு கோரிய உரிமை பற்றிய பூசலின் உச்சத்தில், 1776இல் ஆளுநர் பிகட் தம் சபையினராலேயே சிறைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார்.

இவ்வூழல் விளைவின்றிப் போகவில்லை. அது ஆர்க்காட்டு நவாபின் அரசைத் தின்றது. கடனில் மூழ்கிய அவ்வரசு 1801இல் கும்பினியின் வசமாயிற்று. பின்னர்க் கடன் கோரிக்கைகளை ஆராய்ந்த ஆணையம், மூன்று கோடி பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஏற்கவில்லை. ஆக, கருநாடகத்தில் ஊழல் ஓர் அரசை அழித்தது என்பது உண்மை; அழிந்தது கும்பினி அன்று, நவாபின் அரசு.

ஆங்கிலக் கும்பினி தப்பியதற்குக் கடற்படையும் 1757க்குப் பின் வங்காளத்திலிருந்து கிடைத்த பணமும் முதன்மைக் காரணங்கள். அவற்றோடு, 1773, 1784ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடாளுமன்றக் கண்காணிப்பு ஏற்பட்டதும், காரன்வாலிசு காலத்தில் அதிகாரிகளின் சம்பளம் உயர்த்தப்பட்டு அவர்களது சொந்த வணிகம் கட்டுப்படுத்தப்பட்டதும் கருதத்தக்கன. இச்சீர்திருத்தம் இந்நாட்டு மக்களின் நலனுக்காக எழுந்ததன்று; கொள்ளும் ஆட்சியை நிலைப்படுத்தவே எழுந்தது. ஆயினும் இருவகைச் செல்வத்தையும் பிரிக்கத் தெரிந்த ஆட்சி நிலைத்தது, பிரிக்காத ஆட்சி தளர்ந்தது என்ற வேறுபாடு தெளிவாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, புதுச்சேரியின் வீழ்ச்சிக்கு ஊழல் ஒன்றே காரணமன்று. கடலில் வலிமை இருந்திருப்பின் 1761இன் முடிவு வேறாக இருந்திருக்கலாம். ஆனால் வெளியிலிருந்து வந்த தாக்குதலைத் தாங்கும் ஆற்றலை உள்ளிருந்து குறைத்தது ஆளுங்குழுவின் தன்னலமே.

இரண்டாவது, அத்தன்னலம் மூன்று படிகளில் செயல்பட்டது. பொதுப்பணமும் தனிப்பணமும் கலந்தன. அதனால் கணக்கு நம்பிக்கை இழந்தது. அதனால் படைக்குச் சம்பளமும் அரசுக்குக் கடனும் கிடைக்காமற்போயின. இறுதிப்படி மட்டுமே போர்க்களத்தில் தெரிந்தது.

மூன்றாவது, ஆளுங்குழு முழுதும் தீயோரால் ஆனது என்று கொள்ளத் தேவையில்லை. துய்ப்ளே அறிவாற்றல் மிக்கவர். லாலி கையூட்டை வெறுத்தவர். ஒருவர் மற்றொருவர் சொல்லை நம்ப முடியாத அமைப்பில் தனிமனித ஆற்றலும் நேர்மையும் ஆட்சியைக் காக்கப் போதவில்லை.

நான்காவது, வீழ்ச்சியின் பளு அதற்குக் காரணமானோர் மீது முழுதும் விழவில்லை. குத்தகைக்கு விடப்பட்ட ஊர்களும், முற்றுகையில் வெளியேற்றப்பட்ட மக்களும் அதன் பெரும்பகுதியைச் சுமந்தனர். தினப்படி சேதிக் குறிப்பு தலைநகரின் மாளிகைகளை நெருங்கி நின்று காட்டுகிறது. ஊசுட்டேரி, வழுதாவூர், சேதராப்பட்டுப் பகுதிகளின் உழவர் அதே ஆண்டுகளை எவ்வாறு கடந்தனர் என்பதை வரிக்கணக்குகளையும் ஊர்ப் பதிவுகளையும் கொண்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.